இரண்டாவது ஓட்டுநர்

இருபத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்களை வரிசையாக நிற்க வைத்தால் பஸ் நிலையத்தில் தொடங்கி ரயில் நிலையத்தையும் தாண்டும். அந்த வரிசையில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, மூன்று தடவை தேர்வில் தோற்று நான்காவது தடவை என் காலில் விழப்போன ஒரு கல்லூரி முதல்வரும் உண்டு. என் மனைவி மட்டும் கிடையாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரித்ததில்லை, அதை நான் கவனித்ததும் இல்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. ஒரு தடவை அவளைக் கூட்டி வர ஆஸ்பத்திரிக்குப் போனபோது பார்த்தேன். ஒரு பெரியவர் கையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். விரல் அசையவே யுகமாகிறது. இவள் எதிரே உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, தொடவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "தூக்குங்க சார், தூக்குங்க" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தேன். அன்றைக்கு வீடு வரும்வரை அவள் என்னுடன் பேசவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டாள். மகள் வெளியூர் வேலைக்குப் போய் அந்த அறை காலியாகத்தான் கிடந்தது. முதலில் என் குறட்டையைக் காரணம் சொன்னாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் இருக்கிற மாதிரி இருந்தோம்.

மகள் லீவில் வந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். அவள்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவள். ரயிலில் போய் இறங்கினால் கடலோர ஊர், அங்கே ஒரு வாடகைக் கார், மூன்று நாள் சுற்றிப் பார்ப்பது. நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்காங்க. தயவுசெஞ்சு கேக்க விடுங்க. நடுவுல பேசாதீங்க."

என்ன கேட்கப் போகிறாள் என்று கேட்டேன். அம்மாவே சொல்லட்டும் என்று எழுந்து போய்விட்டாள். எனக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. ஏழு மாதமாகத் தனி அறையில் படுக்கிறவள் வேறு என்ன கேட்பாள்? பிரிந்துவிடலாமா என்று கேட்பாள். மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

வாடகைக் கார் அலுவலகம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. கொண்டையில் பேனா செருகிய ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களை, கார் படம் போட்ட தாளில் அவள் குறித்துக் காட்ட வேண்டும், நாம் சரிபார்க்க வேண்டும். அவள் நான்கு குறித்திருந்தாள். நான் பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்து இன்னும் மூன்று கண்டுபிடித்தேன். டயர் தேய்மானத்தைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. மனைவி அதுவரை பெட்டிகளோடு வெயிலில் நின்றாள்.

கடைசியில் அந்தப் பெண், "ரெண்டாவது ஓட்டுநர்னு யார் பேராவது சேக்கணுமா சார்?" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே, இவளுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது என்றேன். மனைவி கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம், அவள் பெயர், அவள் கையெழுத்து. வாங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

என் முகத்தில் ஈ ஆடவில்லை. பேனாக்காரப் பெண் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் என்றாள். எனக்குப் போட்டியாக ஒரு அம்மா நடத்தும் பள்ளி அது. மாணவர்களிடம் அதிகம் பேசமாட்டார் என்பதால் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று நான் பட்டப்பெயர் வைத்திருந்தேன். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சாப்பாட்டு மேசையில் எத்தனை நாள் சிரித்திருப்பேன். பரிமாறிக்கொண்டிருந்தவள் அந்த அம்மாவின் மாணவி.

"எங்க போறதுக்குக் கத்துக்கிட்ட?" என்றேன்.

"எங்கயும் போறதுக்கு இல்ல. போகணும்னா போகலாம்னு இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு."

கல்யாணமான முதல் வருடம் நானே அவளுக்கு மூன்று நாள் காலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதை மறைக்கக் கூடாது. மூன்றாவது நாள் கியரை மாற்றும்போது அழுதுவிட்டாள். "உனக்கு வராது, விடு" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். நான் சொன்ன மறுநிமிடமே மறந்த வார்த்தை அது. அவள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

முதல் நாள் அவள்தான் ஓட்டினாள். கலங்கரை விளக்கத்துக்குக் கடலை ஒட்டியே சாலை, பன்னிரண்டு மைல். நன்றாக ஓட்டினாள். வளைவுகளில் அவசரப்படவில்லை, லாரிக்கு வழிவிட்டாள், கண்ணாடியைப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தாள். என்னிடம் படித்திருந்தால் முதல் தடவையிலேயே தேர்வு பெற்றிருப்பாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "கியரை இறக்கு, இண்டிகேட்டர் போடு, அந்த சைக்கிளைப் பார்" என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிக்கொண்டு வந்தேன். என் பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இந்தக் காரில் இல்லை. பழக்கதோஷத்தில் வெறும் மிதியடியை மிதித்து மிதித்து என் பக்கம் அது சுருண்டுபோயிற்று.

கலங்கரை விளக்கத்தின்மேல் அவள் மட்டும்தான் ஏறினாள். இருபத்தொன்பது வருடமாகக் காலை மடக்கி உட்கார்ந்தே என் வலது முழங்கால் போய்விட்டது, படியேற முடியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கையசைப்பாள் என்று நினைத்து நான் கையைத் தூக்கினேன். அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது தொடங்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ங்க."

"ஓட்டும்போது பேச்சு கூடாது. கண்ணு ரோட்டுல இருக்கட்டும்" என்றேன்.

என் காரின் டேஷ்போர்டில் இதை எழுதியே ஒட்டியிருக்கிறேன். வண்டி ஓடும்போது பேச உரிமையுள்ளவன் நான் ஒருவன்தான். மாணவன் பேசினால் கவனம் சிதறும் என்பது தொழில் விதி. நல்ல விதிதான், பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை எடுத்தேன். அவள் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். மிச்ச மைல்களுக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன்.

விடுதி அறையில் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அங்கே விதி செல்லாதே. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரம் இருந்தேன். வெளியே வந்ததும் டிவியைப் போட்டு, ஒரே செய்தியை இரண்டு தடவை கேட்டேன். அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தாள். என் முன்னாள் மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் வைக்கப் பார்க்கப் பார்க்க, நான் அவன் பிள்ளைகளின் படிப்பையெல்லாம் விசாரித்துப் பேச்சை வளர்த்தேன்.

இரண்டாம் நாள் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். நான் ஓட்டினால் அவள் பேசமாட்டாள் என்று ஒரு கணக்கு. அவள் வழி சொன்னாள். துறைமுகத் தெரு வழியாகப் போகச் சொன்னாள். போனேன். இன்னொரு தடவை சுற்றிக்கொண்டு அதே தெருவுக்கு வரச் சொன்னாள். வலைகள் காயும் சுவர்களுக்கு நடுவில் நீலக் கதவு போட்ட ஒரு மாடிக் கட்டடம்.

"அந்த கிளினிக்கக் கொஞ்சம் பாருங்களேன்."

இது ஒருவழிப் பாதை, பின்னால் வண்டி வருகிறது, ஓட்டுகிறவனிடம் பேசாதே என்றேன். பின்னால் வந்தது ஒரு தள்ளுவண்டி. அதுவும் தூரத்தில் வந்தது.

உப்பளங்களைப் பார்த்தோம். அங்கிருந்து ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். அங்கே காரை நிறுத்திவிட்டுத் தாழ்வான ஒரு மதில்மேல் அவள் உட்கார்ந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக வந்து பச்சையில் கலந்துகொண்டிருந்தது. காற்று அவள் தலைமுடியை என் தோளில் போட்டது. ஏழு மாதமாக அவள் என்மேல் பட்டதில்லை. அப்படியே இருந்திருக்கலாம். ஐம்பத்தாறு வயதில் இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டியிருந்தது?

"இப்ப வண்டி ஓடல" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு கூட இருந்தது. "இப்ப கேக்கலாமா?"

நான் எழுந்துவிட்டேன். பின் டயரில் காற்று குறைந்த மாதிரி இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒரு குறையும் இல்லாத டயரைப் பத்து நிமிடம் தட்டிக்கொண்டிருந்தேன். நான்கு டயரையும் தட்டினேன். தலையை நிமிர்த்தியபோது அவள் காரின் அருகே வந்து நின்றிருந்தாள்.

"சரி, வாங்க போலாம்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. உண்மையைத்தானே சொல்ல வேண்டும், அப்பாடா என்றுதான் இருந்தது. இன்னும் ஒரு நாளைத் தள்ளிவிட்டால் ஊருக்குப் போய்விடலாம், ஊருக்குப் போனால் அவளுக்கு ஆஸ்பத்திரி, எனக்கு வகுப்பு, பழையபடி ஓடிவிடும் என்று மனக்கோட்டை கட்டினேன். அன்று அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அறையைக் காலி செய்து பெட்டிகளைக் காரில் ஏற்றியதும் அவள் சாவியை எடுத்தாள். நானும் ஒரு முடிவோடுதான் இருந்தேன், இன்றைக்கு ஓட்டுவதில் குறை சொல்லக் கூடாது என்று. சொல்லவில்லை. அவளும் பேசவில்லை. ஊரைத் தாண்டி, மீன் ஏலம் நடக்கும் கொட்டகையைத் தாண்டி, ஒரு குறுகிய சந்துக்குள் திருப்பினாள். அது முட்டுச்சந்து. உள்ளே போகும்போதே பின்பக்கமாகப் போய்விட்டால் வெளியே வருவது சுலபம் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சந்தின் கடைசி வீட்டின் முன்னால் நிறுத்தி, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

இரண்டு அறை, சின்ன சமையலறை, பின்பக்கம் ஜன்னல். ஜன்னலில் கூரைகளுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குக் கடல் தெரிந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை. முன்னறையில் இரண்டு நாற்காலிகள் மட்டும் இருந்தன.

"யார் வீடு இது?"

"நான் போன மாசமே வந்து பாத்து வாடகைக்கு எடுத்திருக்கேன். அந்த நீலக் கதவு கிளினிக்ல திங்கக்கெழமைலேர்ந்து எனக்கு வேலை."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பயந்தது நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்தாயா, ஊரிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, பிரிந்து போகிறேன் என்று சொல்ல ஒரு கார் வேறு வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம்.

"பிரிஞ்சு போறேன்னு சொல்லவா வந்தேன்?" என்றாள். "நீங்களும் வர்றீங்களான்னு கேக்க வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினாள். சுவரில் பிடித்துக்கொண்டு எழ வசதியாக ஒரு கம்பி பதித்திருந்தது. வாசலிலும் படி இல்லை, உள்ளேயும் படி இல்லை.

"மாடில இதவிடப் பெரிய வீடு இருந்துச்சு. அங்கேர்ந்து பாத்தா கடல் முழுசாத் தெரியும். உங்க முட்டிக்கு மாடி ஆகாதுன்னுதான் இத எடுத்தேன்."

பிறகு அவள் பேசினாள். நான் குறுக்கே போகவில்லை. இருபத்தேழு வருடத்தில் அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மகள் போன பிறகு வீட்டில் என் குரல் மட்டும்தான் இருந்தது என்றாள். ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நான் திருத்திவிடுவதால் பேசுவதையே குறைத்துக்கொண்டதாகச் சொன்னாள். இந்த வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் தனியாகவே போய்விடலாம் என்றுதான் தோன்றியதாம். ஒரு வாரம் யோசித்தாளாம். பழகிய இடத்தை விட்டு, வகுப்பை விட்டு, புது ஊரில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் நான் மாறக்கூடும், கேட்டுத்தான் பார்ப்போமே என்று நினைத்தாளாம்.

"மூணு நாளாக் கேக்கப் பாத்தேன்" என்றாள்.

"பயந்துட்டேன்மா. நீ வேற என்னமோ கேக்கப் போறேன்னு நெனச்சுப் பயந்துட்டேன்."

"தெரியும். நேத்து நீங்க டயரத் தட்டிட்டு இருந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப இப்ப கேளேன்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். என்னென்ன சொல்லியிருக்கலாம். ஸ்கூலை விற்றுவிடுகிறேன், நாளைக்கே மூட்டை கட்டுகிறேன், இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று எல்லாம் சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அது இன்னொரு பிரசங்கமாகத்தான் போகும் என்று எனக்கே விளங்கியது. அதனால் சின்னதாகக் கேட்டேன்.

"நான் இங்க வந்து இருக்கட்டுமா?"

நான் காத்திருந்தேன். அந்தப் பெரியவரின் கை எழுவதற்கு அவள் காத்திருந்த மாதிரி, பேசாமல், தொடாமல் உட்கார்ந்திருந்தேன். யாரோ தெருவில் ஒரு டின்னை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"வேணாங்க" என்றாள். "முந்தாநாள் கேட்டிருந்தீங்கன்னா ஓடி வந்து கையப் பிடிச்சிருப்பேன். இப்ப எனக்கு முடியல. எதுக்கு நீங்க பயந்தீங்களோ, அதத்தான் இப்ப செய்ய வேண்டியதா இருக்கு."

அவளுடைய பெட்டியைக் காரிலிருந்து நானே இறக்கிக் கொண்டுவந்து உள்ளறையில் வைத்தேன். கனமாக இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊருக்குப் போனதும் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்கக் கூடாது, தினம் இரண்டு வேளை, பத்து நிமிடம் என்றாள். சரி என்றேன். அவ்வளவு பேசிய வாய்க்கு அந்த ஒரு சரியைத் தவிர வேறு அகப்படவில்லை.

காரில் ஏறினேன். அவள் வாசலில் வந்து நின்றாள், காருக்கு நேர் எதிரே. சந்து முழுக்கப் பின்னாலேயே எடுத்துப்போனால்தான் தெரு வரும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும், பின்பக்கக் கேமரா படம் காட்டும் திரையை நம்பக் கூடாது, பாதியில் முன்னால் திரும்பவே கூடாது. ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது என் கழுத்திலேயே ஊறிக் கிடந்தது. திரும்பி உட்கார்ந்து, சுவரில் இடிக்காமல், ஒரு கீறல் விழாமல், நேர்கோடாக எடுத்தேன். அறுபது அடி இருக்கும். தெருவுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.